மதில் மேல் பூனை! அதன் எலும்புக்கூட்டில் இருக்கும் அதிசயம்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது தொப்பூர். மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் கணவாய்ச் சாலை அது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்காமல் எத்தனையோ லாரிகள் கவிழ்ந்த இடம். எத்தனையோ மனித உயிர்களைப் பலி வாங்கிய இடம்.

மனிதர் பாடே இப்படி என்றால், பூனையின் பாடு என்ன?

சாலையோர ஊர்களில் பூனைக்குப் பஞ்சம் இல்லை. கேழ்வரகு மூட்டை இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் பூனை இருக்கும். அது கூரையிலிருந்து மதிலுக்குத் தாவும். மதிலிலிருந்து தரைக்குக் குதிக்கும். குதித்த சத்தம்கூடக் கேட்காது. உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து போகும்.

அதே பூனை சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி மோதிவிட்டால்? இடுப்பு நொறுங்குகிறது. தாடை பிளக்கிறது.

கூரையிலிருந்து குதித்தபோது உடையாத எலும்பு, சாலையில் மட்டும் உடைவது ஏன்? உடம்பு ஒன்றுதான். எலும்பும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கு விடை வேண்டுமானால், அந்த மெத்தென்ற ரோமத்துக்கு அடியில் இருக்கும் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும்.

நம்மைவிட அதிக எலும்பு!

பூனையின் எடை சாதாரணமாக நான்கைந்து கிலோ. அந்தச் சின்ன உடம்புக்குள் எத்தனை எலும்புகள் தெரியுமா? சுமார் 230 முதல் 250 வரை! வளர்ந்த மனிதனுக்கு இருப்பதோ 206 எலும்புகள்தான்.

எண்ணிக்கை பூனைக்குப் பூனை மாறக் காரணம், வால். சில பூனைகளுக்கு வால் நீளம், சிலவற்றுக்குக் குட்டை. வாலில் மட்டும் சுமார் 20 சிறு எலும்புகள் மணி கோத்தது போல வரிசையாக இருக்கின்றன.

முதுகெலும்பு என்று நாம் சொல்வது ஒரே எலும்பு அல்ல. முள்ளெலும்புகள் பல சேர்ந்த சங்கிலி அது. பூனையின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். மனிதனுக்கும் 7 தான். அவ்வளவு நீண்ட கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் 7 தான்! மார்புப் பகுதியில் பூனைக்கு 13. அவற்றோடு சேர்ந்து 13 ஜோடி விலா எலும்புகள். நமக்கு 12 ஜோடி. விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் இருக்கும் பகுதியில் பூனைக்கு 7, நமக்கு 5. அதற்குப் பின்னால் மூன்று முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டி இடுப்பெலும்போடு இணைகின்றன. பிறகு வால்.

கால்நடை டாக்டருக்குப் படிக்கும் மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று, இந்த உடற்கூறு. சென்னை வேப்பேரியில் 1903-ம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கல்லூரியிலும் மாடு, குதிரை, ஆடு, நாய், பூனை என்று ஒவ்வொன்றின் எலும்பையும் ஒப்பிட்டுத்தான் படிக்கிறார்கள். மாட்டின் எலும்பு பாரம் தாங்குவதற்கு ஏற்றது. குதிரையின் எலும்பு ஓடுவதற்கு ஏற்றது. பூனையின் எலும்பு? வளைவதற்கும் பாய்வதற்கும் ஏற்றது.

சந்தில் நுழையும் ரகசியம்

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் கழுத்துக்குக் கீழே, இரு பக்கமும் விரலால் தடவுங்கள். மார்பின் நடுவிலிருந்து தோள் வரைக்கும் ஓர் எலும்பு படுத்திருப்பது தெரியும். அதற்குப் பெயர் காரை எலும்பு. குடைக்குக் கம்பி போல, நம் தோள்களை அகலமாக விரித்து வைத்திருப்பது அதுதான். அதனால்தான் குறுகிய சந்தில் தலை நுழைந்தாலும் தோள் இடிக்கிறது.

பூனைக்கும் காரை எலும்பு உண்டு. ஆனால் அது ஒரு சின்னத் துண்டு. எந்த எலும்போடும் அது சேர்ந்திருக்கவில்லை. தோளின் சதைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது!

பூனையின் தோள்பட்டை எலும்பும் அப்படியே. முன்னங்கால் முழுவதையும் உடம்போடு பிணைத்திருப்பவை சதையும் நாரும்தான். எலும்புக்கு எலும்பு மூட்டு அங்கே இல்லை. பூனை நடக்கும்போது அதன் முதுகின் முன்பக்கம் இரண்டு மேடுகள் மாறி மாறி ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் தோள்பட்டை எலும்புகளின் மேல் விளிம்புகள்.

இதனால் என்ன லாபம்? இரண்டு லாபம் உண்டு.

ஒன்று, தோளை ஒடுக்கிக்கொள்ள முடிகிறது. தலை நுழையும் சந்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடுகிறது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனால் பால் சட்டி காலியாவது இதனால்தான். (தின்று கொழுத்த பூனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தலை நுழையும், வயிறு மாட்டிக்கொள்ளும்!)

இரண்டு, குதிக்கும்போது அதிர்ச்சி தாங்குகிறது. லாரிக்கு அடியில் வில் பட்டை இருக்கிறதல்லவா? பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் மேலே இருக்கும் சரக்கு சிதறாமல் காப்பது அது. முன்னங்காலில் பூனைக்கு இருக்கும் சதைப் பிணைப்பும் அப்படிப்பட்ட வில் பட்டைதான். தரையில் மோதும் வேகத்தைச் சதை வாங்கிக்கொள்கிறது. எலும்புக்குப் போய்ச் சேருவது மிச்சம் மட்டுமே.

நடுவானில் ஒரு வித்தை

பூனையைத் தலைகீழாக விட்டாலும் காலால்தான் வந்து தரையைத் தொடும். இது யாவரும் அறிந்த செய்தி. ஆனால், எப்படித் திரும்புகிறது என்பது நீண்ட காலம் விஞ்ஞானிகளுக்கே புரியாத புதிராக இருந்தது.

ஏன் புதிர்? வானத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உந்தித் தள்ளத் தரையும் இல்லை. அப்படி இருக்க, சுழலாமல் விழ ஆரம்பித்த ஓர் உடம்பு, தானாக எப்படித் திரும்ப முடியும்?

1894-ம் ஆண்டு, மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைப் படம் பிடித்துக் காட்டினார். ஒரு வினாடிக்குள் பல படங்கள் எடுக்கும் காமிரா அவரிடம் இருந்தது. பூனை விழுவதை அடுத்தடுத்துப் படமாக எடுத்தார். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது.

பூனை ஒரே தடவையில் முழு உடம்பையும் திருப்புவதில்லை. இரண்டு பாதியாகத் திருப்புகிறது!

கைகளை விரித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றும் சிறுமியைப் பாருங்கள். கையை விரித்தால் சுற்றும் வேகம் குறையும். கையை மடக்கினால் வேகம் கூடும். பூனை செய்வதும் இதுதான். முதலில் முன்னங்கால்களை மார்போடு மடக்கிக்கொள்கிறது. பின்னங்கால்களை நீட்டிக்கொள்கிறது. இப்போது முன்பாதி சுலபமாகத் திரும்பிவிடும். பின்பாதி எதிர்ப்பக்கம் சிறிதளவே அசையும். அடுத்த கணம் முன்னங்கால்களை நீட்டி, பின்னங்கால்களை மடக்குகிறது. பின்பாதி திரும்பிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் நான்கு கால்களும் தரையைப் பார்த்தபடி இருக்கும்.

1969-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேன், ஷெர் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டே நிரூபித்தார்கள்.

இந்த வித்தைக்கு வேண்டிய முதல் கருவி, துணியைப் பிழிவது போல முறுக்கக்கூடிய முதுகெலும்பு. பூனையின் முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தைகள் நன்றாக வளைந்துகொடுக்கின்றன. அந்த மெத்தைகளும் ஏழு இடுப்பு முள்ளெலும்புகளும் சேர்ந்துதான் நடுவானில் அந்த முறுக்கலைச் சாத்தியமாக்குகின்றன.

வால் இதற்கு அவசியம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் மான் தீவு என்று ஒரு தீவு. அந்தத் தீவின் பூனைகளில் பலவற்றுக்கு வாலே கிடையாது. அவையும் காலால்தான் வந்து விழுகின்றன! வால் உதவி செய்யும். ஆனால் வேலையை முடிப்பது முதுகெலும்பு.

குட்டிப் பூனைக்கு இந்த வித்தை பிறவியிலேயே வருவதில்லை. மூன்று, நான்கு வாரத்தில் பழக ஆரம்பிக்கும். ஏழு வாரத்தில் தேர்ந்துவிடும். அதற்கு முன்னால் விழுந்தால் அடிதான்.

"ஒன்றும் ஆகாது" என்பது சரியா?

இங்கேதான் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. எங்கிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து, மாடியிலிருந்து தூக்கிப் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அதைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்களும் உண்டு.

1987-ல் நியூயார்க் நகரின் கால்நடை டாக்டர்கள் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களிலிருந்து விழுந்து, ஐந்து மாத காலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகள் 132. அவற்றில் சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்துக்கொண்டன.

இதைப் படித்தவுடன், "பார்த்தாயா, பூனைக்குச் சாவே இல்லை!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். அவை கணக்கில் சேரவில்லை. பிழைத்தவையும் சும்மா பிழைக்கவில்லை. மார்பில் அடி, நுரையீரலில் காயம், தாடை முறிவு, கால் முறிவு என்று பலவற்றுக்கும் வைத்தியம் பார்த்த பிறகே பிழைத்தன.

இன்னொன்று. திரும்புவதற்குப் பூனைக்குச் சிறிது நேரம் வேண்டும். மிகக் குறைந்த உயரத்திலிருந்து, எதிர்பாராமல் நழுவி விழுந்தால், திரும்ப நேரம் போதாது. குழந்தையின் கையிலிருந்து நழுவும் குட்டிக்குக் கால் முறிவது இப்படித்தான்.

விரலால் நடக்கும் பிராணி

பூனையின் பின்னங்காலைப் பார்த்தால், முழங்கால் பின்பக்கமாக மடங்குவது போலத் தோன்றும். அது முழங்கால் அல்ல. குதிகால்! உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி, ரோமத்துக்குள் மறைந்திருக்கிறது. அதாவது, நாம் பாதம் முழுவதையும் ஊன்றி நடக்கிறோம். பூனை விரல்களை மட்டும் ஊன்றி நடக்கிறது. எப்போதும் எக்கி நிற்பது போலத்தான் அதன் நிலை. பாய்வதற்குத் தயாராக அழுத்தி வைத்த சுருள் கம்பி போல அந்தக் கால் இருக்கிறது.

முன்னங்காலில் ஐந்து விரல். பின்னங்காலில் நான்கு. முன்னங்காலின் கட்டைவிரல் தரையில் படாது. நடக்கும்போது முன்கால் வைத்த இடத்திலேயே ஏறக்குறைய பின்காலையும் வைக்கும். சருகு சலசலக்காமல் எலியை நெருங்குவது இதனால்தான்.

நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதும் எலும்பின் வேலைதான். ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் மடக்குக் கத்தி போல அமைந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது ஒரு நார் அதைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும். பூனை சதையை இறுக்கினால் எலும்பு முன்னால் சாயும். நகம் வெளியே வரும். நடக்கும்போது நகம் தரையில் தேயாமல் எப்போதும் கூராகவே இருக்கும்.

சில வெளிநாடுகளில், மெத்தை, நாற்காலியைக் கீறுகிறது என்று பூனையின் நகத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. நகம் முளைப்பது எலும்பிலிருந்து. ஆகவே நகத்தை எடுப்பது என்றால், ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது! 2019-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. வேறு பல நாடுகளிலும் தடை உண்டு.

முப்பது பற்கள்

இனி தலைக்கு வருவோம். பூனையின் மண்டை ஓட்டில் முதலில் கண்ணில் படுவது கண் குழிகள். முகத்தின் பெரும் பகுதியை அவையே அடைத்துக்கொண்டிருக்கின்றன. இருட்டில் வேட்டையாடும் பிராணிக்குப் பெரிய கண் வேண்டும். பெரிய கண்ணுக்குப் பெரிய குழி வேண்டும்.

வாயில் 30 பற்கள். முன்வரிசையில் 12 சின்னப் பற்கள். 4 கோரைப் பற்கள். மீதி 14 கன்னப் பற்கள். குட்டிக்கு 26 பால் பற்கள். ஆறேழு மாதத்துக்குள் அவை விழுந்து புதுப் பற்கள் வந்துவிடும்.

நாம் சோற்றை மெல்லும்போது தாடை பக்கவாட்டிலும் அசைகிறது. மாடு அசை போடும்போது இன்னும் நன்றாகத் தெரியும். பூனையின் தாடையோ கதவுக் கீல் போல மேலும் கீழும் மட்டுமே அசையும். அதற்கு அரைக்கத் தெரியாது. கத்தரிக்கத்தான் தெரியும். மீன் துண்டைக் கடிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைவாயால் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கத்தரிக்கோல் போன்ற பற்கள் அங்கேதான் இருக்கின்றன.

கீழ்த் தாடையில் ஒரு பலவீனம் உண்டு. அது ஒரே எலும்பு அல்ல. வலது பாதி, இடது பாதி என்று இரண்டு. மோவாயில் ஒரு நார்ப் பிணைப்பு இரண்டையும் சேர்த்திருக்கிறது. உயரத்திலிருந்து விழும் பூனையின் மோவாய் தரையில் மோதினால், அந்தப் பிணைப்பு பிளந்துவிடுகிறது. டாக்டர்கள் கம்பி போட்டுக் கட்டிச் சரிசெய்கிறார்கள்.

சிறுத்தைக்கும் இதே எலும்பு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் சிறுத்தைகள் உண்டு. அங்கே காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறுத்தையின் எலும்புக்கூட்டையும் வீட்டுப் பூனையின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் வைத்தால், ஒன்று அண்ணன், ஒன்று தம்பி என்பது தெரிந்துவிடும்.

கழுத்தில் அதே 7. விலா அதே 13 ஜோடி. பல் அதே 30. சதைக்குள் மிதக்கும் அதே காரை எலும்பு. புலிக்கும் இதே கணக்குதான். ஆண் புலி 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்றான துரும்பன் பூனை ஒன்றரைக் கிலோ அளவுதான். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தக் குட்டிப் பூனைக்கு விஞ்ஞானிகள் 1831-ல் பெயர் வைத்தது, புதுச்சேரியிலிருந்து கிடைத்த ஒரு பூனையைப் பார்த்துத்தான்!

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் புலி உறுமுகிறது. பூனை "மியாவ்" என்கிறதே, ஏன்?

நாக்கின் அடியில், தொண்டையில் இருக்கிறது நாவடி எலும்பு. வீட்டுப் பூனைக்கு அது முழுவதும் கெட்டி எலும்பு. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றுக்கு அதன் ஒரு பகுதி எலும்பாகாமல் நீளும் நாராக இருக்கிறது. 19-ம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுபிடித்து, கர்ஜனைக்கு இதுதான் காரணம் என்றார்கள். பிற்கால ஆராய்ச்சி, குரல்வளைக்குள் இருக்கும் தடித்த மடிப்புகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியிருக்கிறது.

மனிதனோடு பூனை சேர்ந்த கதையைச் சொன்னதும் எலும்புதான். மத்தியதரைக் கடலில் இருக்கும் சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மனிதச் சமாதிக்குப் பக்கத்தில், ஒரு பூனையின் எலும்புக்கூடு முழுசாகக் கிடைத்தது. பூனையையும் பத்திரமாகப் புதைத்திருந்தார்கள். 2004-ல் இந்தச் செய்தி வெளியானது. தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கிய மனிதனுக்கு எலித் தொல்லை வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. கேழ்வரகு மூட்டைக்குப் பக்கத்தில் பூனை படுத்திருப்பது அந்தப் பழைய உறவின் தொடர்ச்சிதான்.

சாலையில் நடப்பது என்ன?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கூரையிலிருந்து குதித்தால் தாங்கும் எலும்பு, வண்டி மோதினால் ஏன் உடைகிறது?

குதிக்கும்போது பூனைக்கு முன்கூட்டியே தெரியும். கால்களை நீட்டி, முதுகை வளைத்து, சதைகளைத் தயார் செய்துகொள்கிறது. அதிர்ச்சி காலில் ஏறி, தோளில் பரவி, முதுகெலும்பில் கரைந்துவிடுகிறது. வில் பட்டை வேலை செய்கிறது.

வண்டி மோதுவது அப்படியா? அது பக்கத்திலிருந்து வருகிறது. பூனை தயாராக இல்லை. அடி நேராக எலும்பில் விழுகிறது. அதிலும் இடுப்புப் பக்கத்தில் வில் பட்டை கிடையாது. பின்னங்கால், இடுப்பெலும்பு, முதுகெலும்பு மூன்றும் மூட்டுகளால் இறுகப் பிணைந்திருக்கின்றன. பாய்வதற்கு வேண்டிய பலம் அந்தப் பிணைப்பிலிருந்துதான் வருகிறது. அடி வாங்கும்போது அதுவே ஆபத்தாகிறது. இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. வளையலை அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் உடைவதில்லை அல்லவா? இடுப்பெலும்பும் அப்படியே பல இடங்களில் முறிகிறது.

வாலின் மேல் சக்கரம் ஏறுவது இன்னொரு விபத்து. பூனை பயந்து முன்னால் பாயும். சக்கரம் வாலை விடாது. வால் தொடங்கும் இடத்தில் மூட்டு பிரிந்துவிடும். அந்த இடத்தில்தான் மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. எலும்போடு அவையும் இழுபட்டால், பூனைக்குச் சிறுநீர் கழிக்க முடியாமல் போய்விடும். வெளியே பார்த்தால் ரத்தம் இருக்காது. வால் மட்டும் துவண்டு தொங்கும். அதுதான் எச்சரிக்கை!

பூனையின் வாலைப் பிடித்து இழுக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோர் இதைச் சொல்ல வேண்டும். வால் விளையாட்டுச் சாமான் அல்ல. அது முதுகெலும்பின் நுனி.

பூனை குறுக்கே போனால் மனிதனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. நெடுஞ்சாலையில் மனிதன் குறுக்கே வந்தால் பூனைக்குத்தான் ஆகாது!

அடிபட்டால் செய்ய வேண்டியது

அடிபட்ட பூனை எழுந்து ஓடிவிட்டால், "பிழைத்துக்கொண்டது" என்று விட்டுவிடக்கூடாது. வலியை மறைத்துக்கொண்டு இருட்டு மூலையில் போய் ஒளிவது பூனையின் சுபாவம். தேடிப் பிடிக்க வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அடி நெஞ்சில் பட்டிருக்கிறது என்று பொருள். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிடரியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால், தொங்கவிடும்போது நரம்பு அறுந்துவிடும். கெட்டித் துணியால் மூடி, அப்படியே ஒரு பலகையின் மேலோ, அட்டைப் பெட்டிக்குள்ளோ மெதுவாக நகர்த்தி வைக்க வேண்டும். வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையே கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே மூங்கில் தப்பை வைத்துக் கட்டக்கூடாது. எந்த இடத்தில் முறிவு என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் பூனையின் எலும்பு நன்றாகவே கூடும். இடுப்பு முறிந்த பூனைகளில் பல, சில வாரங்கள் கூண்டுக்குள் ஓய்வாக இருந்தே மறுபடி நடந்துவிடுகின்றன. சிலவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படும். எது வேண்டும் என்று டாக்டர் சொல்வார்.

குட்டிக்கும் கிழத்துக்கும்

எலும்பு உறுதியாக இருக்க, தீனியும் சரியாக இருக்க வேண்டும். செல்லம் என்று குட்டிக்கு வெறும் கறித்துண்டை மட்டுமே போட்டு வளர்த்தால் என்ன ஆகும்? கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து, லேசாகக் குதித்தாலே முறியும். காட்டிலே பூனை எலியை எலும்போடு தின்கிறது. அதனால் அதற்குக் குறை வருவதில்லை. வெறும் தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்ப்பதும் தவறு. மாமிசத்தில் இருக்கும் ஒரு சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண் பார்வையும் இருதயமும் கெட்டுவிடும். மீன், முட்டை, கறி எல்லாம் கலந்து கொடுக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பைப் போடக்கூடாது. அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கிழப் பூனைக்கு வேறு கஷ்டம். 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது! நம் வீட்டுப் பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று சொல்லி உட்காருவார். பூனை சொல்லாது. மதிலுக்குத் தாவுவதை நிறுத்திவிடும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது குறையும். தூங்கிக்கொண்டே இருக்கும். "கிழம், சோம்பேறியாகிவிட்டது" என்று நாம் நினைப்போம். அது சோம்பல் அல்ல, வலி.

அப்படிப்பட்ட பூனைக்குத் தட்டைத் தரையில் வையுங்கள். படுக்க ஒரு பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். அது எப்போதும் ஏறிப் படுக்கும் திண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையைப் படி போல வையுங்கள்.

மதில் மேல் பூனையைப் பார்க்கும்போதெல்லாம், அது எந்தப் பக்கம் குதிக்குமோ என்றுதான் நாம் நினைக்கிறோம். எந்தப் பக்கம் குதித்தாலும் அதைத் தாங்கும் எலும்பு அதற்கு இருக்கிறது. அந்த எலும்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை வளர்ப்பவர்கள் தெரிந்துகொண்டால், பூனை பிழைக்கும்.